மகள் குரலில் பேசிய வெள்ளிக்கிழமை

என் கணவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, எனக்கு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸையும் பள்ளிக்கூடத்துக் கோடை விடுமுறையையும் விட்டுவிட்டால், பகல் வேளையில் நாங்கள் இருவரும் சேர்ந்து வீட்டில் இருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். முதலாளி தொழுகைக்குப் போகிற நாள் என்பதால் வெள்ளிக்கிழமை வேலை கிடையாது. நான் மிஷன் பெண்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு டீச்சர்.

எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஒரு நாடகக் கம்பெனியில் பபூனாக இருந்தவர். மிஷன் போர்டிங்கில் படித்துக்கொண்டிருந்தவர் பதினாறு வயதில் அந்தக் கம்பெனியோடு ஓடிப்போனார். எட்டு வருஷம் ஊர் ஊராகச் சுற்றினார். ராஜா அழுது முடித்து உள்ளே போனதும், அடுத்த காட்சிக்கு வேஷம் மாற்றுகிறவரை ஜனங்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருப்பது அவர் வேலை. குடியாத்தத்தில் கம்பெனி கலைந்தது. கம்பெனி முதலாளி செத்துப்போனார், திரைகளும் பெட்டிகளும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. இவர் ஆம்பூருக்கு வந்து, தோலில் ஒட்டியிருக்கும் சதையைக் கத்தியால் வழித்தெடுக்கிற வேலையில் சேர்ந்தார்.

என் அப்பா வேலூருக்குப் பக்கத்தில் சத்துவாச்சாரி சபையில் உபதேசியார். அவருடைய அப்பா தோல் வேலை செய்தவர். எழுத்தைப் பிடித்துக்கொண்டு அந்த வேலையிலிருந்து வெளியே வந்த முதல் ஆள் என் அப்பாதான். பெண்ணை மறுபடியும் தோல் ஷாப்புக்காரனுக்கே கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்குப் பெரிய மனக்குறை. ஆனால் எனக்கு இருபத்துமூன்று வயது ஆகியிருந்தது, வேறு யாரும் வரவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: நாடகம் என்ற பேச்சே இருக்கக்கூடாது. இவரும் பைபிள் மேல் கை வைத்துச் சம்மதித்தார்.

அந்தச் சத்தியத்தை அவர் ஒரு வருஷம் காப்பாற்றினார்.

ஷாப்பில் ஒரு வயதான ஆள் சுண்ணாம்புத் தொட்டிக்குள் தவறி விழுந்து, மூன்றாம் நாள் இறந்துபோனார். அடக்கம் முடிந்து வந்து எல்லோரும் பட்டைக் கிடங்கில் உட்கார்ந்திருந்தார்கள். தோலை ஊறவைக்கிற ஆவாரம் பட்டையைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கும் பெரிய கொட்டகை அது. என் கணவர் எழுந்துபோய், காய்ந்த எருமைத் தோல் ஒன்றை எடுத்து முதுகில் போர்த்திக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டபடி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாராம்.

"உசுரோட இருந்த பன்னண்டு வருசத்துல ஒருத்தனாவது எனக்கு முதுகு தேச்சு விட்டிருப்பானா? செத்த மறுநாளு பாரு, இன்னா மரியாத! சுண்ணாம்புல ஒரு குளியலு, நல்ல தண்ணில ஒரு குளியலு, பட்டைத் தண்ணில ஒரு குளியலு. நாலு ஆம்பளைங்க நின்னு தேய்க்கிறானுங்க. எண்ண வேற தடவுறானுங்க. கப்பல்ல ஏத்தி சீமைக்கு அனுப்புறானுங்க. அப்போ நானு இத்தினி நாளு எதுக்குடா உசுரோட இருந்தேன்?"

பிறகு ஓர் அடி தள்ளி நின்று தொழிலாளியாக மாறி, "நான் செத்தா எனக்கு இன்னா மரியாத?" என்று கேட்டார். மறுபடியும் எருமையாகி, அந்த ஆளின் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "கம்மி சரக்கு. ஓட்டை ஜாஸ்தி."

சற்றுமுன் சவத்தைச் சுமந்து வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். பக்கத்து வீட்டில் இருந்த பட்டை இடிக்கிற அம்மாள்தான் இதை என்னிடம் வந்து சொன்னாள். நான் வீட்டில் அவரைக் கேட்டேன். "அப்பாகிட்ட சத்தியம் பண்ணீங்களே?"

"நாடகம்னா நாலு பேரு வேணும், திரை வேணும், ஆர்மோனியம் வேணும். நான் ஒருத்தன் நின்னு பேசினா அது நாடகமா? பேச்சுதானே?" என்றார்.

அதன் பிறகு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த மத்தியானத்தில், பட்டைக் கிடங்கில் அவருடைய பேச்சு நடந்தது. முதலாளியிடம் போய் அனுமதி கேட்டபோது, "எந்தச் சாமியையும் கிண்டல் பண்ணக் கூடாது" என்றாராம் முதலாளி. "கிண்டல் பண்ண மாட்டேன் மொதலாளி, கேள்வி மட்டும் கேப்பேன்" என்றாராம் இவர். முதலாளியே இரண்டு தடவை வந்து பட்டைக் கட்டின் மேல் துண்டு விரித்து உட்கார்ந்து கேட்டார். பேரணாம்பட்டிலிருந்துகூட ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அரிசி மாவு பூசின முகம், கண்ணைச் சுற்றி விளக்குக் கரி, ஒரு முக்காலி. வேறு ஒன்றும் கிடையாது. எல்லா ஆட்களாகவும் அவரே மாறுவார்.

ஜனங்களுக்கு மிகவும் பிடித்தது, செத்துப்போன தொழிலாளி மேலுலகத்து வாசலில் போய் நிற்கிற கதை. அங்கே ஒரு பெரிய வரிசை. எதற்காகப் பிறந்தோம் என்று கேட்டுவிட்டு உள்ளே போகலாம் என்று எல்லோரும் நிற்கிறார்கள். இவர் முன்னால் நிற்பவரின் தோளைத் தட்டுவார். "இன்னா தோஸ்த்து, எத்தினி நாளா நிக்கிற?" "நூறு வருசமா." "உனக்கு முன்னாடி யாரு?" "எங்க தாத்தா." "அவருக்கு முன்னாடி?" இப்படியே ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போவார், ஒவ்வொருவருக்கும் ஒரு நடை, ஒரு குரல். கடைசியில் வரிசையின் முனையில் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் நிற்பார். "நீங்க யாரு சாமி?" என்றால், "நான்தான் இங்க மொதலாளி" என்பார். "நீங்க எதுக்கு வரிசைல நிக்கிறீங்க?" பெரியவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதோடு சொல்வார்: "எனக்கும் ஒரு கேள்வி இருக்குதுப்பா."

எங்கள் தலைமை ஆசிரியை அம்மாள் என்னைக் கூப்பிட்டு எச்சரித்தார். நான் தலைகுனிந்து நின்றேன். வெட்கமாக இருந்தது, உண்மை. ஆனால் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகிற வழியை விட்டு, கிடங்கின் பின்பக்கம் பெண்கள் உட்காருகிற இடத்துக்குத்தான் போவேன். கடைசி அரைமணி நேரமாவது கேட்கக் கிடைக்கும். எனக்கும் பெருமை இருந்தது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

அவர் பேச்சில் வந்த கேள்விகளில் பாதி எங்கள் மகளுடையவை. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் பிறந்தவள். பேச ஆரம்பித்ததிலிருந்து கேள்விதான். அவளுக்கு 'ர'வும் 'ற'வும் வராது, எல்லாம் 'ல'தான். "அம்மா வயித்துக்கு வல்லதுக்கு முன்ன நான் எந்த ஊல்ல இலுந்தேன்?" என்பாள். "நேத்து எங்கப்பா போச்சு?" என்பாள். "சாமிக்கு அம்மா யாலு?" வெள்ளிக்கிழமைகளில் நான் பள்ளிக்கூடம் போனபின் அவளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். பாலாற்று மணலில் ஊற்று தோண்டி வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் காலை முழுவதும் பேசிக்கொண்டிருப்பார்கள். அவள் கேட்டதை அவர் ஒரு பழைய சிலேட்டில் குறித்து வைப்பார். அவளுடைய கேள்வியைக் கிழவன் வாயிலும் மேஸ்திரி வாயிலும் போட்டுப் பேசுவார். அவள் குரலை மட்டும் மேடையில் கொண்டுவந்ததில்லை. ஒருமுறை நான் கேட்டதற்கு, "அது நம்ம வூட்டுது" என்றார்.

நான்கரை வயதில் அவளுக்குத் தொண்டை நோய் வந்தது. முதல் நாள் சாதாரண ஜுரம் என்று நினைத்துக் கஷாயம் கொடுத்தேன். இரண்டாம் நாள் விழுங்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தபோது, தொண்டைக்குள் வெள்ளையாகப் படலம் போட்டிருந்தது. ஊர் வைத்தியர் பார்த்துவிட்டு, வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள் என்றார். பகல் ரயிலைப் பிடித்தோம். காட்பாடியில் இறங்கி வேலூருக்குப் போக வேண்டும்.

மூன்றாம் வகுப்புப் பெட்டி. வாழைத்தார்களும் கோழிக்கூடையுமாக நெரிசல். ஜன்னல் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். அவள் தலை என் மடியில், கால் அவர் மடியில். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. குடியாத்தம் தாண்டியதும் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. இரண்டு பேரும் குனிந்தோம்.

"காட்பாடி வந்தா எழுப்புவியா?"

"எழுப்புறேன் கண்ணு. நீ தூங்கு" என்றார்.

காட்பாடிக்கு முன்னால் லத்தேரி ஸ்டேஷனில் ரயில் நின்றபோது மூச்சு நின்றிருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரியும். பெட்டியில் இருந்தவர்களிடம் சொன்னால் இறக்கிவிடுவார்கள் என்று இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. முந்தானையால் அவள் முகத்தை வெயிலுக்கு மூடுவதுபோல மூடினேன். எதிரே இருந்த ஒரு பெண், "புள்ள நல்லா தூங்குது, இனிமே ஜுரம் எறங்கிடும்" என்றாள். காட்பாடியில் இறங்கி, பிளாட்பாரத்துப் புங்கமரத்தடியில் உட்கார்ந்தோம். திரும்பிப் போகிற ரயில் வருவதற்கு மூன்று மணி நேரம் இருந்தது.

அடக்கம் ஆம்பூரிலேயே நடந்தது. எல்லோரும் வந்தார்கள். தலைமை ஆசிரியை அம்மாள், "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சொல்லி என் தலையைத் தடவினார். முதலாளி வீட்டிலிருந்து மூன்று நாளைக்குச் சாப்பாடு வந்தது. நான் ஒரு வாரத்தில் பள்ளிக்கூடம் போனேன். சிலேட்டுகளைத் திருத்தினேன். என்னிடம் படித்த ஐம்பது குழந்தைகளில் ஒருத்தியும் என் மகள் வயதில்லை, அதற்காக நன்றி சொல்லிக்கொண்டேன்.

அவர் பேசுவதை விட்டுவிட்டார். காலையில் போவார், தோலை வழிப்பார், சாயங்காலம் வந்து கைகால் கழுவிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவார். ஷாப்பிலும் அப்படித்தானாம். எனக்கு அது பிடித்திருந்தது. துக்கம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பபூன் போய்விட்டான், மனுஷன் மிஞ்சினான் என்றுகூட நினைத்தேன்.

ஏழு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூட வாசலில் பட்டை இடிக்கிற அம்மாள் நின்றிருந்தாள்.

"இன்னைக்குப் பேச்சு இருக்குதாமே டீச்சரம்மா. வர்றீங்களா?"

எனக்குத் தெரியாது. அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளோடு நடந்தேன். கிடங்கு நிறைந்து வழிந்தது. துக்கம் நடந்த வீட்டு ஆள் முதல்முறையாக மேடைக்கு வருகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். நாங்கள் போகும்போது வரிசைக் கதை பாதி நடந்துகொண்டிருந்தது. மாவு பூசின முகம் ஒடுங்கியிருந்தது. ஆனால் சரளம் பழைய சரளம்தான். தாத்தா, தாத்தாவுக்குத் தாத்தா, வெள்ளை வேட்டிப் பெரியவர் எல்லோரும் வந்தார்கள். ஜனங்கள் சிரித்தார்கள். இனிமேல் பயமில்லை என்று தைரியமாகச் சிரித்தார்கள்.

பிறகு அவர் முக்காலியின் பின்னால் குந்தி உட்கார்ந்தார். முக்காலியின் கால்களுக்கு நடுவே முகத்தை நீட்டினார். வரிசையில் நிற்கிற பெரிய ஆட்களின் கால்களுக்கு நடுவே ஒரு குழந்தை புகுந்து வருகிறது என்று புரிந்தது.

"நகலு, நகலு. எனக்கு அவசலம்."

அது என் மகளுடைய குரல். சாயல் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. கண்ணை மூடியிருந்தால் அவளைத் தூக்க எழுந்து ஓடியிருப்பேன். தலையை இடப்பக்கம் சாய்க்கிறது, பதில் வருவதற்கு முன்னாலேயே 'ம்?' என்று அவசரப்படுத்துகிறது, எல்லாம்.

குழந்தை நேராகப் பெரியவரிடம் போய் நின்றது. "நீதான் மொதலாளியா?" "ஆமாம் பாப்பா." "எதுக்கு நான் பொலந்தேன்?" பெரியவர் தலையைச் சொறிந்தார். "நேத்து எங்க போச்சு?" பெரியவர் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். "உனக்கு அம்மா யாலு?" பெரியவர், "இரு பாப்பா, நான் போய்க் கேட்டுட்டு வந்துடுறேன்" என்றார். "யாலுகிட்ட?" என்றது குழந்தை.

கிடங்கே அதிர்ந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் சிரித்துச் சிரித்து இருமினாள். முன்வரிசையில் ஒரு மேஸ்திரி தொடையில் அடித்துக்கொண்டான்.

குழந்தை ஒரு கொட்டாவி விட்டது. சுற்றிலும் பார்த்தது. தரையைக் கையால் தடவிவிட்டு, பெரியவரின் காலடியில் சுருண்டு படுத்துக்கொண்டது.

"சலி. கேட்டுட்டு வா. காட்பாடி வந்தா எழுப்புவியா?"

சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மேலுலகத்துக்குப் போயும் காட்பாடியைத் தேடுகிற குழந்தைப் பேச்சு என்றுதான் அவர்களுக்குப் பட்டது. அந்த வாக்கியம் ரயில் பெட்டியில் மூன்று பேருக்குள் சொல்லப்பட்டது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

இருநூறு தலைகள் திரும்பின. இதுவும் கதையில் ஒரு பகுதி என்று நினைத்துச் சிலர் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவர் தரையில் படுத்தபடியே என்னைப் பார்த்தார். தலை அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. சிரிப்பு அங்கங்கே அடங்கியது. நான் பட்டைக் கட்டுகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வீட்டுக்கு வந்தார். மாவைச் சரியாகக் கழுவவில்லை, காதோரத்தில் ஒட்டியிருந்தது.

"அது நம்ம மூணு பேருக்குள்ள இருந்தது" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா இருநூறு பேருக்கு எடுத்து வெச்சீங்க? சிரிக்கிறதுக்கு?"

"உள்ளயே வெச்சுக்கிட்டு இருக்க முடியலை. ஏழு வாரமா காது ரெண்டுலயும் அதான் கேக்குது. எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியலை."

"கோயிலுக்குப் போங்க. ஜெபம் பண்ணுங்க. அழுங்க. சிரிக்க வைக்கணுமா?"

அவர் கையை விரித்தார். "எனக்கு வேற தொழில் தெரியாதே."

அந்தப் பதிலில் பொய்யில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனாலும் மறுநாள் காலை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ரயிலேறி சத்துவாச்சாரிக்கு அப்பா வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் ஸ்டேஷன் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரயில் லத்தேரியில் நிற்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்துவாச்சாரியில் நான்கு மாதம் இருந்தேன். அப்போது அது நெல் வயலும் மாந்தோப்பும் சூழ்ந்த கிராமம். அப்பா, "நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்று சொல்லவில்லை, அந்த மட்டில் நல்லவர். ஆனால் நான் வருவதற்கு முன்னாலேயே, குழந்தை விடுமுறைக்கு வந்தபோது விட்டுப்போன கவுனையும் மரப்பாச்சியையும் அண்ணி எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள். என் மனசு நோகக்கூடாது என்று வீட்டில் ஒருவரும் அவள் பேரைச் சொல்வதில்லை. அண்ணன் பிள்ளைகள் தவறிப்போய்ச் சொல்லிவிட்டால், பெரியவர்கள் கண்ணால் அடக்குவார்கள். குடும்ப ஜெபத்தில்கூட, "எங்கள் துக்கத்தை ஆற்றும் ஆண்டவரே" என்றுதான் அப்பா சொல்வார். பேர் வராது.

நான்காம் மாதம் ஒரு மத்தியானம் முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தேன். சும்மா, மனசுக்குள், அவள் என்னைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுப் பார்த்தேன். வரவில்லை. வார்த்தைகள் இருந்தன, சத்தம் இல்லை. 'நேத்து எங்கப்பா போச்சு' என்பது என் குரலில்தான் கேட்டது, இரண்டாம் வகுப்பு டீச்சர் படிக்கச் சொல்லிக் கொடுக்கிற குரலில். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி மறுபடி முயன்றேன். அன்றைக்கு எனக்கு வந்த பயம் லத்தேரியில்கூட வரவில்லை.

அடுத்த வாரம் பட்டை இடிக்கிற அம்மாள் வந்தாள். பட்டைத் தூசியில் கண் கெட்டுப்போய், வேலூர் ஆஸ்பத்திரிக்கு மருந்து போட்டுக்கொள்ள வந்தவள், விசாரித்துக்கொண்டு வீடு தேடி வந்திருந்தாள். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்.

"அன்னைக்கு நானும் சிரிச்சேன் டீச்சரம்மா. சொல்லாம இருக்கக்கூடாது. நீங்க கத்துனதும்தான் அது உங்க பாப்பாங்கிறது மண்டைல ஒறைச்சுது. நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்தது."

"விடுங்க" என்றேன்.

"நீங்க போனப்புறம் இன்னா நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியாதே. அவரு அப்படியே மண்ணுல உக்காந்துட்டாரு. ஒருத்தரும் எழுந்து போவல. பின்னால இருந்து, சுண்ணாம்புத் தொட்டில இப்போ வேல பாக்குறவரு எழுந்து, 'எம் பையன் சாவறதுக்கு மின்ன நாள் மாங்கா கேட்டான், நான் வாங்கித் தரலை'ன்னாரு. அவ்ளோதான். அப்புறம் இன்னொருத்தரு. அப்புறம் நானு. எனக்கு மூணு போச்சு டீச்சரம்மா, பெரிய ஜுரம் வந்த வருசத்துல ஒரே வாரத்துல ரெண்டு. இத்தினி வருசமா எவங்கிட்டயும் வாயத் தொறந்தது இல்ல. அன்னைக்குச் சொன்னேன். மூணு பேரு பேரையும் சொன்னேன். உங்க வூட்டுக்காரரு தலைய ஆட்டிக் கேட்டுக்கினே இருந்தாரு. அடுத்த வெள்ளிக்கிழமையும் எல்லாரும் போய்க் குந்தினோம். அவரு வரல. இன்னி வரைக்கும் வரல."

அவள் போன மறுநாள் நானும் கிளம்பினேன். மன்னித்துவிட்டேன் என்று அப்பா நினைத்துச் சந்தோஷப்பட்டார். மன்னிப்பு ஒன்றும் இல்லை. அவளுடைய குரல் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அது எனக்கு வேண்டும், அதற்காகப் போனேன்.

அவர் மெலிந்திருந்தார். சமைத்து வைத்திருந்த கஞ்சியை இரண்டு தட்டில் ஊற்றினார். சாப்பிட்டு முடிக்கிறவரை காத்திருந்து கேட்டேன்.

"ஒரே ஒரு தடவ. எனக்கு மட்டும். அவ மாதிரி பேசுங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தலையை இடப்பக்கம் சாய்த்தார். "நேத்து எங்கப்பா போச்சு?" என்றார்.

குழந்தைக் குரல்தான். நாடகக் கம்பெனியில் பபூன் பேசுகிற குழந்தைக் குரல். எந்த வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். அவரே பாதியில் நிறுத்திவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். மூன்றாம் தடவை இன்னும் மோசமாக இருந்தது.

"இது அவ இல்ல" என்றேன்.

"தெரியுது. அன்னைக்கு நின்னதுதான், அப்புறம் வரல. அந்தப் பட்டை இடிக்கிற அம்மா வந்து பாப்பா மாதிரி பேசச் சொல்லிக் கேட்டப்போவும் முயற்சி பண்ணேன், வரல." எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டே, "உன்னைச் சொல்லல" என்றார்.

என்னைச் சொல்லவில்லைதான். நான் தட்டுகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு அவர் மேடையேறவில்லை. கொஞ்ச காலம் ஷாப்பில் கேட்டுப் பார்த்தார்கள். முதலாளியே ஒருநாள், "இன்னா, கடையை மூடிட்டியா?" என்று கேட்டதற்கு, "சரக்கு தீந்துபோச்சு மொதலாளி" என்றாராம். நல்ல பதில்தான் என்று மற்றவர்கள் சிரித்தார்களாம். எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. ஒன்பது வருஷம் அமைதியாகக் குடித்தனம் செய்தோம். சண்டை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போய்வருவதற்குள் அவர் ஷாப்புக்குப் போயிருப்பார். வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் துணி துவைத்துக் காயப்போட்டிருப்பார். கடைசி இரண்டு வருஷம் மார்ச்சளி. மூச்சு வாங்கும், படுக்க முடியாது, உட்கார்ந்தே தூங்குவார். ஒரு மழைக்காலத்துக் காலையில், காப்பி கொண்டுபோய்க் கொடுக்கும்போது போய்விட்டிருந்தார்.

அடக்கத்துக்கு ஷாப்பே வந்தது. முடிந்து எல்லோரும் கலைந்தபின் பட்டை இடிக்கிற அம்மாள் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தாள். அதற்குள் அவளுக்கு ஒரு கண் முழுவதும் போய்விட்டிருந்தது. அடுப்பைப் பற்றவைத்து எனக்குச் சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். பிறகு, "ஒண்ணு கேக்கணும் டீச்சரம்மா, தப்பா நெனைக்காதீங்க" என்றாள்.

"கேளுங்க."

"அன்னைக்கு அந்தப் பாப்பா படுத்துக்கிச்சு இல்ல. அப்புறம் இன்னா ஆவும்? அந்தப் பெரியவரு போய்க் கேட்டுக்கினு திரும்பி வருவாரா? கதையை எப்படி முடிக்கிறதா இருந்தாரு? உங்ககிட்ட சொல்லி இருப்பாரே."

"சொல்லலை" என்றேன்.

"நீங்க கேக்கலையா?"

ஒன்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். எத்தனையோ வேளை எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். ஒருதரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

"கேக்கலை" என்றேன். அவள் என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள்.